வாத்தியாரை எந்த மாதம் அழைப்பது?

பல்கலைக்கழக மானியக் குழு 2023இல் முன்வைத்த உறைவிடக் கலைஞர் வழிகாட்டுதலின்படி வட்டாரக் கலைஞர்களின் பட்டியலைத் தயாரிக்கும் வேலை நாடகத் துறைத் தலைவர்களின் மேசைக்கு வந்திருக்கிறது. கூத்து வாத்தியார், தப்பாட்டக் கலைஞர், பாகவத மேள நடிகர், தோற்பாவை ஆட்டுபவர் என்று யார் யாரைச் சேர்ப்பது, எந்தத் தலைப்பில் பணம் தருவது, மாணவர் தயாரிப்பில் அவர்களுக்கு என்ன பொறுப்பு என்ற கேள்விகள் நம்மிடமும் வருகின்றன. இதழின் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். வழிகாட்டுதலை வரவேற்கிறோம். இப்போதுள்ள கல்வி நாள்காட்டியைத் தொடாமல் இதை நடைமுறைப்படுத்தினால், காவிரிப் படுகை மாவட்டங்களில் இது கோப்பில் மட்டுமே உயிரோடு இருக்கும் என்றும் சொல்கிறோம்.

விதிகளை வரிசையாக வைத்துப் பார்ப்போம். மானியக் குழுவின் 2018 ஆசிரியர் நியமன நெறிமுறையில் நாடகத்துக்குத் தனிப் பிரிவு உண்டு. நெட் தகுதித் தேர்வு எழுதாத தொழில்முறைக் கலைஞரும் உதவிப் பேராசிரியராகலாம் என்கிறது அது. ஆனால் தேசிய நாடகப் பள்ளி போன்றதொரு நிறுவனத்தின் முதல் வகுப்புப் பட்டமோ பட்டயமோ அவரிடம் இருக்க வேண்டும். அதற்கு மேல் ஐந்தாண்டு மேடை அனுபவமும் வேண்டும். புரிசையில் பரம்பரையாக அடவு கற்றவருக்கும் மெலட்டூரில் தகப்பனாரிடம் வேடம் வாங்கியவருக்கும் அந்த வாசல் திறக்காது. 2022இல் வந்த ‘புரொபசர் ஆஃப் பிராக்டிஸ்’ திட்டம் பட்டம் கேட்கவில்லை, 15 ஆண்டு அனுபவம் கேட்கிறது. மொத்தப் பணியிடங்களில் 10 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. மூன்று ஆண்டு, விதிவிலக்காக நான்காவது ஆண்டு, அதோடு முடிந்தது. 2023 ஆவணமோ கலைஞர்களைக் குரு, பரமகுரு, பரமேஷ்டி குரு என்று தரம் பிரிக்கிறது. 2025 ஜனவரியில் மானியக் குழுவின் புதிய வரைவு நெறிமுறை வெளியானபோது தமிழ்நாட்டில் எழுந்த வாதம் பெரும்பாலும் துணைவேந்தர் தேடல் குழுவைச் சுற்றியே நடந்தது. ஜனவரி 9 அன்று சட்டமன்றமும் எதிர்த்துத் தீர்மானம் நிறைவேற்றியது. அந்த எதிர்ப்பு நியாயமானது. ஆனால் அதே வரைவில் இசை, நாடகம் முதலிய பாடங்களுக்கான ஆசிரியர் நியமனம் பற்றியும் பேசப்பட்டிருந்தது. அந்தப் பக்கத்தை நம் துறையினர் இன்னும் உரக்கப் படித்திருக்க வேண்டும்.

பணம் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 2022 திட்டத்தில் மூன்று வழிகள்: தொழில் நிறுவனம் தரும் நிதி, கல்வி நிறுவனத்தின் சொந்த நிதி, கௌரவ அடிப்படை. மென்பொருள் துறைக்கு முதல் வழி உதவும். தப்புக்கும் உறுமிக்கும் எந்த ஆலை நிதி தரும்? ஓய்வூதியத்துக்கே திணறும் மாநிலப் பல்கலைக்கழகத்தில் சொந்த நிதி என்பது ஏட்டில்தான். மிஞ்சுவது கௌரவம். ஒரு சால்வை, ஒரு நினைவுப் பரிசு, பேருந்துக் கட்டணம். இதை நாம் நாற்பது ஆண்டாகச் செய்துகொண்டுதான் இருக்கிறோம். இதற்கு டெல்லியிலிருந்து புதிதாக ஒரு வழிகாட்டுதல் தேவையில்லை.

மாணவரும் கலைஞரும் சேர்ந்து வேலை செய்வது நமக்குப் புதிதும் அல்ல. 1977இல் காந்திகிராமத்தில் தேசிய நாடகப் பள்ளி நடத்திய பட்டறை 70 நாள் நீடித்தது. இன்று நம் மேடையிலும் துறைகளிலும் மூத்தவர்களாக மதிக்கப்படுகிற பலருடைய பயணம் அங்கே தொடங்கியது. அதில் முன்நின்ற சே. இராமானுஜம் பின்னர் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழக நாடகத் துறைக்கு வந்தார். யூரிபிடீஸின் டிராய் நகரப் பெண்களை ‘வெறியாட்டம்’ ஆக்கியபோது நம் ஊர் ஒப்பாரியை அதன் முதுகெலும்பாக வைத்தார். திருக்குறுங்குடிக் கைசிக நாடகத்தை 1999இல் அனிதா ரத்னத்தின் முயற்சியில் மீட்டெடுத்தபோது, இராமானுஜத்தின் ஆய்வும் தஞ்சாவூர் ஹேரம்பநாதனின் ஆடல் ஞானமும் கோயில் மரபில் வந்த பெண்களின் நினைவும் ஒரே இடத்தில் கூடின. மு. ராமசாமி தோற்பாவை நிழற்கூத்துக் கலைஞர்களிடம் போய்க் கற்றதை ஆய்வாக எழுதியதோடு நிற்கவில்லை, தன் மேடைக்கும் கொண்டுவந்தார். மயிலாடுதுறைப் பக்கத்துப் புஞ்சையில் பிறந்த ந. முத்துசாமி சென்னையில் தொடங்கிய கூத்துப்பட்டறையில் புரிசை கண்ணப்பத் தம்பிரான் நகரத்து நடிகர்களுக்கு அடவு சொல்லிக்கொடுத்தார். இவை எதற்கும் அரசாணை இருந்ததில்லை. எல்லாவற்றுக்கும் நீண்ட நாள் இருந்தது. வாத்தியார் வீட்டுத் திண்ணையில் உட்காரவும், கோபித்துக்கொள்ளவும், மறுபடி போய்ச் சேரவும் போதுமான நாள்.

நாம் பல இதழ்களாக எழுதிவரும் கவலைக்கு இங்கேதான் வருகிறோம். கலைஞர் கல்லூரிக்கு எந்த மாதம் வருவது?

தஞ்சை, திருவாரூர், நாகை, மயிலாடுதுறைப் பக்கம் கலைஞரின் ஆண்டு வயலோடு போகிறது. ஜூன் 12 வாக்கில் மேட்டூர் திறந்தால் குறுவை. ஆடிக்குப் பின் சம்பா, குறுவை அறுத்த வயலில் தாளடி. தையில் சம்பா அறுப்பு, மாசிக்குள் தாளடியும் வீட்டுக்கு வந்துவிடும். களத்தில் நெல் விழுந்து கையில் காசு வந்த பிறகுதான் ஊரில் காப்புக் கட்டுவார்கள். மாசி மகம், பங்குனி உத்திரம், சித்திரையில் தீமிதி, வைகாசியில் திருவிழா, ஆடியில் அம்மனுக்குக் கஞ்சி. கரகம், தப்பு, காளியாட்டம், பொய்க்கால் குதிரை என்று எந்தச் செட்டாக இருந்தாலும் ஆண்டு வருமானத்தில் பெரும்பங்கு இந்த மாதங்களில்தான். தை பிறந்ததுமே அச்சாரம் வாங்கிவிடுவார்கள். மெலட்டூர் பாகவத மேளம் நரசிம்ம ஜயந்தியை ஒட்டி நடக்கிறது. வெளியூரில் வேலை பார்க்கும் நடிகர்கள் அதற்கென்றே விடுப்புச் சேர்த்துவைத்துக்கொண்டு ஊருக்கு வருகிறார்கள். ஆர்சுத்திப்பட்டிலும் சுற்றுவட்டாரத்திலும் இரணியன் நாடகம் ஆடுவதும் கோடையில்தான்.

நம் பாடத்திட்டத்தைப் பாருங்கள். ஜூனில் தொடங்கும் பருவத்தில் அரங்க வரலாறு, அழகியல் கோட்பாடு, இந்திய நாடக இலக்கணம். டிசம்பர் அல்லது ஜனவரியில் தொடங்கும் பருவத்தில்தான் தயாரிப்பு. மார்ச்சில் ஒத்திகை, ஏப்ரலில் செய்முறைத் தேர்வு, மே மாதம் விடுதி பூட்டு. மண்ணில் கலை முழுவீச்சில் நடக்கும் மாதங்களில் வாத்தியாரை நம் கறுப்புத் திரை மண்டபத்துக்குக் கூப்பிடுகிறோம். அவர் வந்தால் பத்து ஊர் அச்சாரம் போகும். ஓர் இரவு ஆட்டத்துக்கு அவர் செட்டுக்குக் கிடைப்பதை நம் மணிக்கணக்கு மதிப்பூதியம் நெருங்கவே முடியாது. ஆகவே கைநிறைய ஆட்டம் உள்ளவர் வருவதில்லை. அந்த ஆண்டு ஆட்டம் கிடைக்காதவர், உடம்பு முடியாதவர், செட்டிலிருந்து பிரிந்து நிற்பவர் வருகிறார்கள். அவர்களை மதிக்கிறோம், அவர்களிடமும் மாணவர்கள் நிறையக் கற்கிறார்கள். ஆனால் மேடையேறுகிற காலத்தில் மேடையில் இருக்கும் கலைஞரோடு நம் மாணவர் ஒருநாளும் வேலை செய்வதில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். திருவிழா மாதங்களில் மாணவர் தேர்வு எழுதுகிறார். மே மாதம் ஊருக்குப் போனவர் பக்கத்துத் தெரு இரணியனைப் பார்த்தாலும், அது அவர் மதிப்பெண் கணக்கில் சேர்வதில்லை.

மறுபுறம், ஆவணியிலிருந்து மார்கழி வரை கலைஞர் வீட்டில் இருக்கிறார். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் திறந்தவெளி ஆட்டம் கிடையாது. பலர் நடவுக்கும் களையெடுப்புக்கும் கூலிக்குப் போகிறார்கள், சிலர் திருப்பூருக்குப் போய்விடுகிறார்கள். கற்றுக்கொடுக்க அவருக்கு நேரம் இருக்கும் மாதங்கள் இவைதான், பணம் மிகவும் தேவைப்படும் மாதங்களும் இவைதான். அந்த மாதங்களில் நம் வகுப்பில் அவருடைய கலையைப் பற்றிய புத்தகம் நடக்கிறது.

இது யாருடைய பிழை? நாள்காட்டியை எழுதுகிறவர்கள் நாடு முழுவதற்கும் ஒரே அச்சில் எழுதுகிறார்கள். தேர்வுத் தேதி, முடிவுத் தேதி, சேர்க்கைத் தேதி எல்லாம் சுற்றறிக்கையாக இறங்கி வருகின்றன. நெல்லுக்கு எப்போது தண்ணீர் விடுவது என்று உழவரைக் கேட்கும் வழக்கமாவது நம் அரசுகளுக்கு உண்டு. கலைஞரை எப்போது அழைப்பது என்று எந்தக் குழுவும் எந்தக் கலைஞரையும் கேட்டதாகத் தெரியவில்லை. வழிகாட்டுதலை எழுதியவர்கள் தரங்களுக்குப் பெயர் யோசித்த நேரத்தில் பாதியைத் திருவிழா மாதங்களைப் பார்ப்பதற்குச் செலவிட்டிருக்கலாம். தணிக்கைப் பிரிவும் சேர்ந்துகொள்கிறது. ஒரு கல்லூரியில் தப்பு வாத்தியாரை இரண்டு வாரம் அழைக்க மூன்று விலைப்புள்ளி கேட்டார்கள். மேசை நாற்காலி வாங்கும் விதியை ஒரு மனிதருக்குப் பொருத்தினார்கள். இரண்டு வாரமும் மாணவர்களோடு இருந்து, அவர்கள் கை வீங்கும்வரை அடித்துப் பழக்கி, அந்த ஆண்டின் சிறந்த தயாரிப்பை அவர் உருவாக்கினார். அவருடைய பணம் அடுத்த நிதியாண்டில் வந்தது. அழைப்பிதழில் அவர் பெயர் ஒளி அமைப்பு உதவியாளருக்குக் கீழே இருந்தது. செய்முறைத் தேர்வு மதிப்பெண் பட்டியலில் கையெழுத்திட அவருக்குத் தகுதியில்லை என்று சொல்லிவிட்டார்கள். அன்றைய புறத்தேர்வாளர் வாழ்நாளில் தப்பைத் தொட்டவர் அல்லர்.

இதை இத்தனை நீளமாக எழுதக் காரணம் உண்டு. தகுதி, தரம், ஊதியம் ஆகிய மூன்றையும் மானியக் குழு ஒரு நாள் திருத்தி எழுதலாம். மாதத்தை நாம் திருத்தாவிட்டால் அவற்றில் ஒன்றாலும் பயன் வராது. ஆனால் மாதத்தைத் திருத்த டெல்லிக்குப் போக வேண்டியதில்லை. எந்தப் பருவத்தில் எந்தத் தாள் என்பதைத் தன்னாட்சிக் கல்லூரியில் பாடத்திட்டக் குழுவே முடிவு செய்யலாம். தயாரிப்புத் தாளை ஜூன் பருவத்துக்கு மாற்றுங்கள், ஆவணி முதல் கார்த்திகை வரை வாத்தியார் துறையில் இருக்கட்டும். ஜனவரிப் பருவத்தில் கோட்பாட்டுத் தாளோடு களப்பணியை வைத்து, மாசி, பங்குனியில் மாணவர்கள் செட்டோடு ஊர் ஊராகப் போகட்டும். தாளம் போடவும் வேடம் கட்ட உதவவும் விடிய விடிய விழித்திருக்கவும் மதிப்பெண் கொடுங்கள். அகமதிப்பீட்டில் ஒரு பங்கு செட்டு வாத்தியாரின் கையில் இருக்கட்டும். முதல் வகுப்புப் பட்டயம் கேட்கும் நெறிமுறையில்கூட இதற்குத் தடையில்லை.

பட்டியலில் சேர்க்க விருதுச் சான்று கேட்பதைவிட நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரிய அட்டையையும் மூன்று ஊர்களின் அச்சாரச் சீட்டையும் ஏற்பது நேர்மையாக இருக்கும். தஞ்சையிலேயே தென்னகப் பண்பாட்டு மையம் இருக்கிறது. கலைஞர்களோடு அதற்குள்ள நெடுநாள் தொடர்பை நாடகத் துறைகள் கேட்டுப் பயன்படுத்த வேண்டும். மாணவரும் கலைஞரும் சேர்ந்து உருவாக்கிய நாடகம் தேர்வு நாளோடு செத்துப்போகாமல், அடுத்த கோடையில் அந்தச் செட்டே தன் ஊர்களில் ஆடலாம் என்ற உரிமையை ஒப்பந்தத்தில் எழுதுங்கள். தயாரிப்பின் பெயரில் ஆசிரியரின் உரிமை எவ்வளவு, வாத்தியாரின் உரிமை எவ்வளவு என்று தெளிவாக இல்லாவிட்டால், பின்னால் வழக்கு வரும். வராவிட்டாலும் மனக்கசப்பு வரும்.

துறைத் தலைவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த பாடத்திட்டக் குழுக் கூட்டத்துக்கு உங்கள் வட்டாரத்திலிருந்து ஆடிக்கொண்டிருக்கும் கலைஞர் ஒருவரைச் சிறப்பு அழைப்பாளராகக் கூப்பிடுங்கள். பட்டியலை அவரிடம் காட்டுவதற்கு முன், ஆண்டில் எந்த மாதம் வர முடியும் என்று கேளுங்கள். அவர் சொல்லும் மாதத்தைக் கூட்டக் குறிப்பில் பதிவு செய்து எங்களுக்கும் அனுப்புங்கள். வருவதையெல்லாம் தொகுத்து உயர்கல்வித் துறைக்கும் மானியக் குழுவுக்கும் இதழின் பெயரில் அனுப்புவோம்.