கார்குழலியின் நோட்டுப் புத்தகம்

போடியிலிருந்து ஏலக்காய் மூட்டையுடன் மெட்டைக் கடந்து மேற்கே சென்றால் பூப்பாறை, மூணாறு, கோதமங்கலம் என்று மலையேறி இறங்கி, முடிவில் கொச்சியில் போய்ச் சேரலாம். அங்கே மட்டாஞ்சேரியில் வாசனைப் பண்டங்கள் விற்கும் தெரு ஒன்றுக்கு யூதத் தெரு என்று பெயர். அத்தெருவைப் பற்றி நாம் அறிந்தது சொற்பம். அங்கே வாழ்ந்த ஸ்திரீகளைப் பற்றி அறிந்ததோ அதனினும் சொற்பம்.

சரித்திர பாடத்தின் நடுவே என் வகுப்புப் பெண் ஒருத்தி எழுந்து, "அவர்கள் கோயிலிலும் பெண்கள் பேசாமல்தான் இருக்க வேண்டுமா, ஸார்?" என்று கேட்டாள். அந்த "அவர்கள் கோயிலிலும்" என்பதில் இருந்த உம்மையை இலக்கணப் பிழை என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை.

வைதிக யூதரின் விதிப்படி, பொது வழிபாடு தொடங்கப் பத்து ஆண்கள் கூட வேண்டும். நூறு பெண்கள் வந்திருந்தாலும் கணக்கில் சேரார். ஜெபாலயத்தில் அவர்களுக்குத் தனி இடம். பெரும்பாலும் மாடியில், தட்டி மறைவில். பெண் பாடும் குரலை அந்நிய ஆடவன் கேட்கலாகாது என்றும் சாஸ்திரிகள் விதித்திருக்கின்றனர். தன்னைப் பெண்ணாகப் படைக்காததற்காக ஆண் ஆண்டவனுக்கு வந்தனம் சொல்லும் வாசகம் ஒன்று காலைப் பிரார்த்தனையில் உண்டு! வெள்ளிக்கிழமை அந்தியில் விளக்கேற்றி ஓய்வுநாளை வீட்டுக்கு அழைப்பது மட்டும் பெண்ணின் உரிமை. நம் வீட்டு வெள்ளிக்கிழமை விளக்கு யார் கையில் இருக்கிறது என்பதை நேயர்கள் நினைத்துக்கொள்ளட்டும்.

ஆனால் இந்த விதிகள் கேரளக் கரைக்கு வந்தபோது சற்று இளகிவிட்டன. கேரளத்து ஜெபாலயங்களில் வேறெங்கும் காணாத ஒரு விசேஷம் உண்டு. கீழே நடுக்கூடத்தில் உள்ள மேடையைத் தவிர, மாடி முகப்பில் இரண்டாவது மேடை ஒன்று இருக்கும். விசேஷ தினங்களில் தோரா என்னும் வேதச் சுருளை அங்கே வாசிப்பார்கள். அதற்கு நேர் பின்னால், தட்டிக்கு அப்பால் பெண்கள். ஒதுக்கப்பட்டவர்களே வேதத்துக்கு மிக அருகில் இருந்தார்கள் என்பது வேடிக்கைதான்.

அதனினும் பெரிது அவர்களுடைய பாட்டு. விவாகங்களிலும் பண்டிகைகளிலும் கொச்சி யூத மாதர் ஆண்கள் கேட்கவே வாய்விட்டுப் பாடினர். எபிரேயத் துதிகளைப் பாடியதோடு, மலையாளத்திலும் வேதக் கதைகளையும் கல்யாண வாழ்த்துக்களையும் பாடினர். அவற்றை நோட்டுப் புத்தகங்களில் தம் கையாலேயே எழுதிவைத்து, தாயிடமிருந்து மகளுக்குக் கொடுத்துவந்தனர். பைங்கிளியும் கார்குழலியும் உலாவும் அந்த மலையாளம் நமக்கு அந்நியமாகத் தோன்றாது. யோசேப் ரப்பான் என்ற யூதத் தலைவருக்குச் சேர மன்னன் சுமார் 1000ஆம் ஆண்டில் அளித்த சாஸனம் செப்பேட்டில் இருக்கிறது. ஆண்களுக்குச் செம்பு, பெண்களுக்குக் காகிதம்! ஆயினும் இந்தியாவில் கிடைத்த மிகப் பழைய எபிரேயக் கல்லறைக் கல் ஒரு பெண்ணுடையது. 1269 என்ற ஆண்டுடன் ஸாரா என்பவளின் பெயர் தாங்கி, அது சேந்தமங்கலத்தில் இருக்கிறது.

கொச்சி யூதரிலும் வெள்ளையர், கறுப்பர் என்ற வேற்றுமை இருந்தது. ஒருவர் வீட்டில் ஒருவர் பெண் கொடுத்துப் பெண் எடுக்கமாட்டார்கள். பரதேசி ஜெபாலயத்தில் தம்மவர்க்கு மறுக்கப்பட்ட சமவுரிமைக்காக வக்கீல் ஏ. பி. ஸேலம் காந்தியடிகளின் வழியில் சத்தியாக்கிரகமே செய்ய நேர்ந்தது. ஆனால் இரு தரப்புப் பெண்களின் ஏடுகளிலும் ஒரே பாட்டுக்கள் காணப்பட்டன. ஆராய்ச்சியாளர் அவற்றைத் திரட்டி 2005இல் "கார்குழலி" என்ற பெயரில் ஜெருசலேமில் நூலாக வெளியிட்டனர்.

பாடினால் போதுமா? போதாது என்று கருதினவர் பம்பாயில் இருந்தார். பெனே இஸ்ரேல் வகுப்பைச் சேர்ந்த டாக்டர் ஜெருஷா ஜீராத் லண்டனில் வைத்தியம் படித்தவர். அங்கே லில்லி மாண்டேகு என்ற அம்மையார் யூத மதத்தில் தாராளக் கொள்கையினரின் இயக்கத்தை வளர்த்துவந்தார். 1918இல் பிரசங்க மேடையிலும் ஏறினார். ஜீராத் அம்மையார் தாயகம் திரும்பி, 1925இல் அக்கொள்கையின் சங்கத்தைப் பம்பாயில் நிறுவினார். இந்தியாவில் யூத மதத்தின் ஒரு புதிய கிளையை நட்டவர் ஒரு பெண், அதுவும் பிரசவம் பார்க்கும் டாக்டர் என்பதை நம் பாடப் புத்தகங்கள் சொல்வதில்லை.

மற்ற தேசங்களில் கிளைக்கு ஒரு வேகம். ஜெர்மனியில் ரெஜினா யோனாஸ் 1935இல் முதல் பெண் குருவானார். 1944இல் நாஜிகள் அவரை ஆஷ்விட்ஸில் கொன்றனர். அமெரிக்காவில் சீர்திருத்தக் கிளை 1972இல் பெண்ணைக் குருவாக்கியது. நடுவழிக் கிளைக்கு 1985 வரை யோசனை. வைதிகருள் பெரும்பாலோர் இன்னும் இசையவில்லை. ஒருசிலர் மட்டும் 2009 முதல் பெண்களுக்கென்றே கலாசாலை வைத்துப் பயிற்றுகின்றனர்.

கொச்சியார் பெரும்பாலும் 1950களில் இஸ்ரேலுக்குக் கப்பலேறிவிட்டனர். பரதேசி ஜெபாலயத்தில் பத்து ஆண்கள் சேராமல் பொது வழிபாடு அருகியது. வெளியூர் யூதர் வந்தால்தான் எண்ணிக்கை நிறையும். அதே தெருவில் ஸாரா கோஹன் அம்மையார் பூவேலைத் துணிகள் விற்கும் கடை வைத்து, 2019இல் தம் 96ஆம் வயதில் காலமாகும்வரை வாழ்ந்திருந்தார். அந்தப் பத்தில் அவர் ஒருவராக எண்ணப்படவே இல்லை.