துண்டு மரத்துக்கும் ஒரு வாழ்வு உண்டு

சமயபுரம் மாரியம்மன் கோயிலுக்குப் போகும் வழியெல்லாம் கடைகள்தான். மஞ்சள் புடவை, வேப்பிலை, எலுமிச்சை மாலை, தகட்டில் அடித்த கண், கை, கால் என்று ஒவ்வொரு வேண்டுதலுக்கும் ஒரு பொருள். குழந்தை வரம் கேட்டு அம்மன் கோயில்களின் மரக்கிளையில் கட்டுவார்களே, அந்த மரத்தொட்டிலும் அவற்றில் ஒன்று. உள்ளங்கையில் அடங்கிவிடும். வேண்டுதல் பலித்துப் பிள்ளை பிறந்ததும், கரும்பில் தொட்டில் கட்டி, அதில் குழந்தையைக் கிடத்தி, கோயிலைச் சுற்றி வருவார்கள் பெற்றோர். அந்தக் கரும்புத் தொட்டில் வரும்வரை ஒரு குடும்பத்தின் நம்பிக்கையைச் சுமந்து நிற்பது நாலு விரல் அகல மரத்துண்டுதான்.

அந்த அளவு மரம் ஒவ்வொரு ஆசாரியின் பட்டறையிலும் தினமும் கீழே விழுகிறது. நிலை, கதவு, சன்னல் அறுத்த பிறகு மிஞ்சும் தேக்கு, வேங்கை, பலாத் துண்டுகள் மூலையில் குவியும். கொஞ்ச நாளில் சாக்கில் ஏறி டீக்கடை அடுப்புக்கோ, வெந்நீர் அடுப்புக்கோ போய்ச் சேரும். நாற்பது, ஐம்பது வருடம் வளர்ந்த மரத்தின் வைரம் பாய்ந்த பகுதி, நாலு டம்ளர் டீயோடு முடிந்துவிடுகிறது.

தேரும் சிமிழும்

சமயபுரத்தைத் தாண்டி சென்னை நெடுஞ்சாலையில் வடக்கே போனால் பெரம்பலூர். 1995 வரை திருச்சி மாவட்டத்தோடு சேர்ந்திருந்த பகுதி. அங்கிருந்து வடமேற்கே, பச்சைமலை அடிவாரத்தில் அரும்பாவூர், தழுதாழை என்று இரண்டு ஊர்கள். கோயில் தேர்களுக்கும் வாகனங்களுக்கும் சிற்பம் செதுக்கும் குடும்பங்கள் வாழும் ஊர்கள் இவை. வாகை, மா, வேம்பு, ஈட்டி போன்ற மரங்களில் இவர்கள் செதுக்கும் சிற்பங்களுக்கு 2020-ல் 'அரும்பாவூர் மரச்சிற்பம்' என்ற பெயரில் புவிசார் குறியீடு கிடைத்தது. தஞ்சாவூர் நெட்டி வேலைக்கும் அதே நேரத்தில்தான் கிடைத்தது.

ஒரே கட்டையில் முழு உருவத்தையும் செதுக்குவது அரும்பாவூர் வேலையின் சிறப்பு. ஒட்டு வேலை இல்லாததால் சிற்பம் காலத்துக்கும் நிற்கும். ஆனால் இந்த முறையில் கட்டையின் பெரும் பகுதி உளி பட்டுத் தெறித்துப் போகும். உருவத்துக்குள் அடங்காத மூலைகள் துண்டாக வெட்டி வீசப்படும்.

இதில் வாழ்க்கைக் கணக்கு ஒன்றும் இருக்கிறது. நன்றாகச் செய்த தேர் பல தலைமுறைக்கு ஓடும். ஆகவே ஒரு கோயிலில் தேர் வேலை முடிந்தால், அதே கோயிலிலிருந்து அடுத்த அழைப்பு அந்தச் சிற்பியின் ஆயுளுக்குள் வரும் என்று சொல்ல முடியாது. ஆளுயர சாமி சிலை வாங்கும் வசதியும் இடமும் எல்லா வீட்டிலும் இல்லை. தேருக்கும் தேருக்கும் நடுவே அடுப்பு எரிய வேண்டுமே! அங்கேதான் சின்னப் பொருட்கள் கைகொடுக்கின்றன. குங்குமச் சிமிழ், விளக்குப் பலகை, ஊதுவத்தி தாங்கி, சாவி மாட்டி, கைப்பேசி நிறுத்தி. இவற்றுக்குப் புது மரம் வாங்க வேண்டியதில்லை. விழுந்து கிடக்கும் துண்டே மூலப்பொருள். கல்யாணத் தாம்பூலப் பையில் பிளாஸ்டிக் டப்பாவுக்குப் பதில் ஒரு மரச்சிமிழ் வைத்தால், அந்தச் செலவு ஒரு கைத்தொழிலின் அடுத்த தலைமுறைக்குப் போய்ச் சேரும்.

பாகம் பிரிக்க முடியாத கதவு

மரத்துண்டு பட்டறையில் மட்டும் கிடைப்பதில்லை. ஸ்ரீரங்கத்தின் பழைய வீதிகளிலும், திருச்சி நகரின் உள் தெருக்களிலும் ஓட்டு வீடுகள் இடிந்து அடுக்குமாடிகள் எழுகின்றன. இடிக்கும்போது நிலை, தூண், உத்திரம் எல்லாம் மொத்தமாக விலை பேசப்பட்டு லாரியில் ஏறிவிடும். நகை, நிலம், பணம் எல்லாவற்றையும் பங்கு போட்ட அண்ணன் தம்பிகளுக்கு, தாத்தா வைத்த தேக்கு நிலையை மட்டும் எப்படிப் பிரிப்பது என்று தெரியாது. ஆளுக்கொரு ஊரில் அடுக்குமாடி வீடு. ஏழடி நிலையை எங்கே கொண்டு போய் வைப்பது? விற்றுவிட்டால் யாருக்கும் மனத்தாங்கல் இல்லை என்று விற்றுவிடுவார்கள். ஆறு மாதம் கழித்துத்தான் மனசு அடித்துக்கொள்ளும்.

அந்த நிலையிலிருந்து ஒரே ஒரு அடித் துண்டு அறுத்து வைத்துக்கொண்டால் போதும். ஐந்து பிள்ளைகளுக்கும் ஆளுக்கொரு விளக்குப் பலகை தேறும். மதுரையிலும் சிங்கப்பூரிலும் எரியும் விளக்கு, அதே வாசலின் மேல் எரியும். வீடு இடிக்கும் பேச்சு வந்திருக்கும் குடும்பங்கள், லாரி வருவதற்கு முன்பே இதை முடிவு செய்துவிடுவது நல்லது.

எந்தத் துண்டை எடுக்கலாம்?

தேக்கு: பொன் பழுப்பு நிறம், தொட்டால் லேசான எண்ணெய்ப் பசை, அறுத்தால் தோல் போன்ற வாசம். கரையான் எளிதில் அண்டாது. விளக்குப் பலகைக்கு முதல் தேர்வு.

பலா: வீணையும் மிருதங்கமும் செய்யும் மரம். புதிதாக அறுக்கும்போது மஞ்சள். வருடம் போகப் போகப் பழுப்பாகும். சிமிழுக்கும் சின்னப் பெட்டிக்கும் அழகு.

வேங்கை: உறுதியான மரம். ஆனால் தண்ணீரில் சாயம் இறங்கும். ஈரம் படும் இடத்துக்கும் வெள்ளைத் துணி பக்கத்திலும் வேண்டாம்.

புளி: கறி வெட்டும் கட்டைக்குப் பேர்போனது. உளி சுலபத்தில் ஏறாது. பொறுமை இருந்தால் பளபளப்பு அள்ளும்.

சீமைக் கருவேலம்: ஊரெல்லாம் திட்டும் மரம், விறகுக்கும் கரிக்கும் மட்டுமே போகிறது. உண்மையில் இது கெட்டியான, காய்ந்த பின் அதிகம் கோணாத மரம். சாவி மாட்டிக்கும் சின்னக் கிண்ணத்துக்கும் தாராளமாகப் பயன்படும்.

கதவுப் பட்டறைத் துண்டில் ஒரு சௌகரியம், அது பெரும்பாலும் ஏற்கெனவே காய்ந்திருக்கும். பச்சை மரம் காயும்போது நீளவாக்கில் அநேகமாகச் சுருங்காது, அகலவாக்கில் சுருங்கும். அதிலும் வருட வளையத்தை ஒட்டிய திசையில், குறுக்குத் திசையைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு சுருங்கும். இந்த ஏற்றத்தாழ்வுதான் வெடிப்புக்கும் கோணலுக்கும் காரணம். புயலில் விழுந்த கிளையை எடுத்தால், ஒரு அங்குல கனத்துக்கு ஒரு வருடம் நிழலில் காயவிட வேண்டும் என்பது மரவேலைக்காரர்களின் பொதுக் கணக்கு. வெட்டிய இரு முனைகளிலும் மெழுகோ பெயின்ட்டோ பூசிவிட்டால் முனை வெடிப்பது குறையும்.

எதைத் தொடக் கூடாது?

பழைய பெயின்ட் அடித்த மரத்தை வீட்டுக்குள் தேய்க்காதீர்கள். வீட்டு உபயோகப் பெயின்ட்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி இந்தியாவில் நடைமுறைக்கு வந்தது 2017 நவம்பரில்தான். அதற்கு முந்தைய கதவுகளில் எவ்வளவு ஈயம் இருக்கும் என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. அந்தத் தூள் தவழும் குழந்தையின் கையிலும் வாயிலும்தான் முதலில் சேரும். பெயின்ட் பக்கத்தை ஆசாரியிடம் கொடுத்து முழுவதுமாக அறுத்து நீக்கிவிட்டு உள்மரத்தை மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள்.

சுத்தமான மரத்தின் தூளும் மூக்குக்கு நல்லதல்ல. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் பட்டியலில் மரத்தூளையும் சேர்த்திருக்கிறது. மொட்டைமாடியிலோ திண்ணையிலோ உட்கார்ந்து, முகக்கவசம் போட்டுக்கொண்டு தேய்ப்பதே சரி.

வீட்டிலேயே ஒரு விளக்குப் பலகை

ஆறு அங்குலச் சதுரம், ஒரு அங்குலக் கனத்தில் ஒரு துண்டு. கால்களுக்கு ஒரு அங்குலச் சதுரத்தில் நான்கு சிறு கட்டைகள். அறுப்பையும் இழைப்பையும் ஆசாரியிடம் முடித்துக்கொண்டால் மிச்ச வேலையை யாரும் செய்யலாம்.

முதலில் துண்டின் மேல் ஒரு காந்தத்தை நகர்த்திப் பாருங்கள். பழைய நிலையில் உடைந்த ஆணி உள்ளே இருந்தால் ரம்பப் பல் போய்விடும், ஆசாரிக்கு நஷ்டம்.

உப்புத்தாள் மூன்று ரகம் வேண்டும்: 80, 120, 220. எண் கூடக் கூடத் தாள் மென்மையாகும். மரத்தின் ரேகை ஓடும் திசையிலேயே தேய்க்க வேண்டும். குறுக்கே தேய்த்தால் அப்போது தெரியாது. எண்ணெய் பூசியதும் கீறல் அத்தனையும் பல்லை இளிக்கும். 220 முடிந்ததும் ஈரத்துணியால் ஒருமுறை துடைத்துக் காயவிட்டால், படுத்திருந்த நார்கள் எழுந்து நிற்கும். மறுபடி 220-ல் லேசாகத் தேய்த்தால் பலகை வழவழவென்று ஆகிவிடும். கூர் முனைகளையும் மழுக்கிவிடுங்கள்.

கால்களை மரப்பசையால் ஒட்டலாம். தேக்கில் இயற்கையான எண்ணெய் இருப்பதால், ஒட்டும் இடத்தைப் புதிதாகத் தேய்த்து, நெயில் பாலிஷ் நீக்கும் அசிட்டோனால் துடைத்து, காய்ந்த உடனே ஒட்டினால்தான் பசை பிடிக்கும். ஒரு இரவு முழுக்கக் கனமான அம்மிக்குழவியையோ புத்தகக் கட்டையோ மேலே வைத்துவிடுங்கள்.

மெருகுக்குத் தேங்காய் எண்ணெய், நல்லெண்ணெய் வேண்டாம். அவை காயாது, பிசுபிசுத்துத் தூசி பிடித்துச் சிக்கு வாடை வரும். ஆளி விதை எண்ணெய் காற்றுப் பட்டு மெல்ல இறுகும். மெல்லியதாகப் பூசி, அரைமணியில் மிச்சத்தைத் துடைத்து, மூன்று நாள் காயவிட்டு இன்னொரு கை பூசலாம். கடைசியில் தேன்மெழுகு தேய்த்தால் அடக்கமான பளபளப்பு வரும்.

ஒரு எச்சரிக்கை: ஆளி எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பைக் கூடையில் போடவே கூடாது. எண்ணெய் இறுகும்போது வெப்பம் உண்டாகும்; சுருட்டிய துணிக்குள் அந்த வெப்பம் சேர்ந்து தானாகத் தீப்பிடிக்கும். வெளியே விரித்துப் போட்டு முழுக்க விறைத்த பிறகு, அல்லது தண்ணீரில் நனைத்துத்தான் வீச வேண்டும்.

விளக்கை நேரே மரத்தில் வைக்காமல் சின்னப் பித்தளைத் தட்டில் வைத்து அதைப் பலகை மேல் வையுங்கள். எண்ணெய் கசிந்தாலும் திரி சரிந்தாலும் பலகைக்கும் வீட்டுக்கும் ஆபத்தில்லை.

செய்ய நேரமில்லையா?

வாங்கலாமே! தமிழ்நாடு அரசின் கைத்திறத் தொழில்கள் வளர்ச்சிக் கழகம் நடத்தும் 'பூம்புகார்' விற்பனை நிலையம் திருச்சி சிங்காரத்தோப்பில் இருக்கிறது. அம்மனைத் தரிசித்துவிட்டு ஊர் திரும்பும் வழியில் எட்டிப் பார்க்கலாம். அல்லது உங்கள் தெரு முனை ஆசாரியிடமே துண்டைக் கொடுத்துச் செய்யச் சொல்லலாம்.

அப்படிச் செய்யச் சொல்லும்போது, "வேஸ்ட் கட்டைதானே, இதுக்கு இவ்வளவு கூலியா?" என்று மட்டும் கேட்காதீர்கள். கட்டைக்கு விலை இல்லாமல் இருக்கலாம். கைக்கு விலை உண்டு. பெரிய நிலையை இயந்திரத்தில் அறுக்கும் நேரத்தை விட, சின்னச் சிமிழின் மூடி இறுகாமலும் தளராமலும் பொருந்தும்படி கடைவதற்கு அதிக நேரமும் நிதானமும் வேண்டும். அந்த நிதானம் கூலிக்குக் கட்டாமல் போனால், ஆசாரி வீட்டுப் பிள்ளை உளியை வைத்துவிட்டு வேறு வேலைக்குப் போய்விடும். பிறகு தேர் செய்ய மரம் கிடைக்கும்; செதுக்கக் கை கிடைக்காது.

சிறு துரும்பும் பல் குத்த உதவும் என்பார்கள். வைரம் பாய்ந்த துண்டு அதற்கு மேலும் உதவும். அடுத்த முறை பட்டறை வாசலில் விறகுச் சாக்கைப் பார்த்தால் ஒரு நிமிடம் நின்று கிளறிப் பாருங்கள். கார்த்திகை தீபத்துக்கு உங்கள் வீட்டு அகல் உட்காரும் இடம் அதற்குள் கிடக்கலாம்.