செண்பகமும் மார்கழிப் பனியும்

தென்காசி, குற்றாலம், செங்கோட்டைப் பக்கங்களில் வீட்டுத் தோட்டத்திலோ கிணற்றடியிலோ செண்பகக் கன்று வைத்த விவசாயிகள் தை பிறந்தவுடன் கூறும் குறை ஒன்றுண்டு. கார்த்திகை வரையில் செழிப்பாய் நின்ற கன்று மார்கழியில் இலை நுனி கருகி, தையில் இலையுதிர்ந்து, மாசிக்குள் வெறுங் குச்சியாகி விடுகிறதென்றும், இது பனியின் வேலையென்றும் அவர்கள் கூறுகின்றனர். பனியென்று முடிவு செய்தபின் அதற்கேற்ற பரிகாரமும் செய்யப்படுகிறது. கன்றின்மேல் சாக்கு போர்த்தப்படுகிறது; ஈரம் மிகுந்தால் குளிர்ச்சியும் மிகும் என்றெண்ணித் தண்ணீர் குறைக்கப்படுகிறது. கன்று மடிவது பெரும்பாலும் இந்தப் பரிகாரத்தினாலேயன்றிப் பனியினால் அன்று.

இக்குழப்பத்திற்கு மொழியும் ஒரு காரணமாகும். புல் நுனியில் நிற்கும் நீர்த்துளியும் பனி. விடியற்காலையில் வயல்மேல் படர்வதும் பனி. நீலகிரியில் புல்தரையை வெளுக்கச் செய்வதும் பனி. இமயத்தில் பெய்வதும் பனியே. இவற்றுள் செடியின் உயிரை வாங்கவல்லது உறைபனியாகும். நீர் உறைய வேண்டுமாயின் வெப்பம் 0 டிகிரிக்கு இறங்க வேண்டும். தென்காசியில் மார்கழி, தை மாதத்து இரவுகளில் அது 18 டிகிரி சென்டிகிரேடுக்குக் கீழ் இறங்குவதே அரிது. ஆகவே இங்கே செண்பகத்தின்மேல் விழும் பனி வெறும் நீர்த்துளியே. வறண்ட நாட்களில் அது இலைக்குச் சிறிது உதவியுங்கூட.

உறைபனி இன்னதென்று அறிய விரும்புவோர் உதகமண்டலத்தை அடுத்த தலைகுந்தா, காந்தல் முதலிய தாழ்ந்த இடங்களைத் தை மாதத்து விடியலில் பார்த்தால் போதும். வானம் தெளிந்து காற்றும் அடங்கிய இரவில் தரை தன் வெப்பத்தை இழக்கிறது. குளிர்ந்த காற்று கனமுடையதாதலால் பள்ளங்களில் வந்து தேங்குகிறது. இலையினுள் அறைகளுக்கு இடையேயுள்ள நீர் பனிக்கட்டியாகி, அறைகளிலுள்ள நீரையும் உறிஞ்சி இழுத்துக்கொள்ளுகிறது. வெயில் ஏறியதும் இலை வெந்ததுபோற் கறுத்துத் தொங்கும். இதற்காகவே அங்குள்ள அரசினர் தாவரவியல் பூங்காவில் குளிர்காலத்தில் மலர்ச்செடிகளைக் கோத்தகிரி மிலார்ச் செடியின் கிளைகளால் மூடுவதும், காலையில் நீர் தெளிப்பதும் வழக்கமாயிருக்கின்றன. அங்கே போர்வை அவசியம். அதைப் பார்த்துக் குற்றாலத்தில் சாக்குப் போர்த்துவது வெளிச்சத்தையும் காற்றையும் தடுப்பதொழிய வேறொன்றும் செய்யாது.

மலையூர்களுக்குச் சென்று வருவோரில் சிலர் அங்கே பூத்து நிற்கும் மக்னோலியாச் செடியைக் கண்டு மயங்கி, அதனைத் தென்காசிக்குக் கொண்டுவர முயலுகின்றனர். செண்பகமும் மக்னோலியாவே என்பதை இவர்கள் அறிதல் நலம். 1753-இல் லின்னேயஸ் செண்பகத்திற்கு மைக்கேலியா சம்பகா என்று பெயரிட்டார். பிற்காலத்துத் தாவர நூலார் அவ்வினத்தை மக்னோலியாவுடன் சேர்த்துவிட்டபடியால் இன்று அதன் பெயர் மக்னோலியா சம்பகா. குடும்பம் ஒன்றாயினும் குணம் ஒன்றன்று. பாரிஸ் நகரத்தை அடுத்து சூலாஞ் போதென் என்பவர் 1820-இல் உண்டாக்கிய கலப்பின மக்னோலியா கடுங்குளிரைத் தாங்கும். குளிர்காலம் வருமுன் அது இலையை உதிர்த்து, மொட்டுகளை மயிரடர்ந்த செதில்களுக்குள் மூடி வைத்துக்கொள்ளுகிறது. ஆனால் இளவேனிலில் அவசரப்பட்டு மலர்ந்தபின் ஓரிரவு உறைபனி வந்துவிட்டால் மரம் பிழைக்கும், பூவெல்லாம் பழுப்பாகிவிடும். அத்தகைய செடிக்கு மொட்டு விழிப்பதற்கே ஒரு குளிர்காலம் வேண்டும். அக்குளிரைக் குற்றாலம் கொடுக்க இயலாது. மேற்குத் தொடர்ச்சி மலையின் உயர்ந்த சோலைகளில் உறைபனிக்கும் அசையாது வெண்பூப் பூக்கும் காட்டுச் செண்பகமும் தரைக்கு இறக்கத் தக்கதன்று. அவ்வாறே, கீழ்நாட்டுச் செண்பகக் கன்றை உதகையின் பள்ளத்தில் வைத்தால் முதல் தை மாதத்திலேயே அது கருகும்.

அப்படியானால் தென்காசியில் மார்கழிக்குப்பின் கன்று வாடுவது எதனால்? வடகிழக்குப் பருவமழை நின்றபின் வறண்ட காற்று வீசத் தொடங்குகிறது. வேர் ஆழம் பற்றாத கன்றுக்கு அந்த வேளையில்தான் தண்ணீர் அதிகம் தேவை. அந்த வேளையில்தான் அது நிறுத்தவும் படுகிறது. மற்றொரு காரணம் இதற்கு நேர்மாறானது: ஐப்பசி, கார்த்திகை மழை களிமண் குழியில் தேங்கி வேரை அழுகச் செய்திருக்கும், கெடுதல் கார்த்திகையில் நேர்ந்தாலும் இலை அதைத் தையில்தான் காட்டும். இரண்டில் எது என்று அறியக் கன்றிலிருந்து சிறிது தள்ளி ஓரடி ஆழம் தோண்டிப் பார்த்தல் வேண்டும். மண் பொடியாய் உதிர்ந்தால் நீர் பாய்ச்சி, வைக்கோலோ சருகோ மூன்று அங்குல கனத்திற்குத் தண்டில் படாமல் பரப்புக. வேர் கறுத்து நாற்றம் வீசினால் வடிகால் வெட்டுவதே வழி.

மெய்யான பகைவன் வேறு; அது ஆனி, ஆடிக் காற்று. செங்கோட்டைக் கணவாய் வழியே புகும் மேல்காற்று குற்றாலத்தில் சாரலைச் சிந்திவிட்டு, தென்காசிக்குக் கிழக்கே செல்லச் செல்ல வெறுங் காற்றாகிவிடுகிறது. அப்பக்கத்து வெளிகளில் காற்றாலைகள் நிற்பதே இதற்குச் சான்று. செண்பகத்தின் இலை அகன்றது, கிளை எளிதில் முறிவது. ஆதலின் மலையடிவாரக் கிராமத்தார் சாரல் தொடங்கியதும் கன்று நடலாம்; கிழக்கேயுள்ளோர் அவ்வாறு செய்யாமல், காற்று ஓய்ந்தபின் புரட்டாசிக் கடைசியிலோ ஐப்பசியிலோ நடுவதே தக்கது. மேற்குப் புறத்தில் ஒரு வரிசை வாழையோ கிளிரிசிடியாவோ முன்கூட்டி வளர்த்திருக்க வேண்டும். நடும் நாளில் ஊன்றும் ஓலைத் தட்டி ஆடி வரையில் நிற்பதில்லை.

விதைக்கன்று பூக்க எட்டுப் பத்து ஆண்டுகள் ஆகுமென்றும், அதுவரை நிலத்தை முடக்குவது நஷ்டமென்றும் சிலர் வாதிக்கின்றனர். தனித் தோப்பாக வைப்போருக்கு இவ்வாதம் பொருந்தும். அவர்கள் இரண்டு மூன்று ஆண்டுகளில் பூக்கும் ஒட்டுச்செடியையே வாங்க வேண்டும். ஆனால் வரப்போரத்திலும் கிணற்றடியிலும் ஊர்ப் பொதுவிடத்திலும் நிற்கும் மரம் எந்த நிலத்தையும் முடக்குவதில்லை. பதினைந்தாம் நூற்றாண்டில் பராக்கிரம பாண்டியன் எடுப்பித்த காசி விசுவநாதர் கோயிலுக்குத் தலமரம் செண்பகம். பேரருவிக்கு மேலே மலையிலுள்ள அருவிக்குப் பெயர் செண்பகாதேவி. இவ்வளவு பெயர் பெற்ற மரம் தென்காசித் தெருக்களில் தேடிப் பார்க்கும்படி இருப்பது அழகன்று. 2019-இல் தென்காசி தனி மாவட்டமான பின்னர்ப் பொதுவிடங்களில் மரம் நடும்போது, விரைவில் வளருமென்ற ஒரே காரணத்திற்காக வெளிநாட்டு மரங்களையே தேர்ந்தெடுக்காமல், பத்தில் ஒன்றாவது செண்பகமாயிருக்கும்படி கிராம நிர்வாக அலுவலர்களும் ஊராட்சியாரும் பார்த்துக்கொள்ளலாம்.

அதற்கு விதை உள்ளூர் மரத்திலிருந்தே கிடைக்கும். காய் வெடித்துச் செந்நிறச் சதை தெரியும்போது பறவைகளுக்கு முந்திக்கொண்டு பறித்து, சதையை மணலுடன் தேய்த்துக் கழுவி, நிழலில் உள்ள நாற்றுப் பாத்தியில் அன்றே விதைத்துவிட வேண்டும். இவ்விதை நெல்லைப்போல் குதிரில் வைத்துக் காக்கத் தக்கதன்று. காய்ந்துவிட்டால் சில வாரங்களுக்குள் முளைப்புத் திறனை இழந்துவிடும்.