சீசன் ரேட்

கொடைக்கானலில் பிப்ரவரியில் 3,000 ரூபாய்க்குக் கிடைத்த காட்டேஜ், மே மாதம் 8,000. அதே கட்டில், அதே கம்பளி, தண்ணீர் சுடாத அதே கீசர். ஏனென்று கேட்டால், "சீசன் ரேட் சார்" என்கிறார்கள்.

பள்ளி லீவு விட்டால்தானே மதுரை வெயிலிலிருந்து பிள்ளைகளையும் வயதான அம்மாவையும் மலைக்குக் கூட்டிப்போக முடியும்? தேதியை மாற்ற எங்களுக்கு வழியில்லை என்பது காட்டேஜ்காரருக்கும் தெரியும், முன்பதிவுத் தளத்துக்கும் தெரியும். காலையில் பார்த்த விலை ராத்திரி இருப்பதில்லை.

சரி என்று தேதியைக் கொடுத்தால் அடுத்த பக்கத்தில் கிளீனிங் சார்ஜ், சர்வீஸ் சார்ஜ், ஐந்தாவது ஆளுக்குத் தனி. அதற்கு மேல் வரி. 2025 செப்டம்பர் 22 முதல் ஒரு நாள் வாடகை 7,500 வரை ஜி.எஸ்.டி. 5 சதவீதம், தாண்டினால் 18. 7,500க்கு விட்டால் வரி 375 ரூபாய். 8,000க்கு விட்டால் 1,440. வாடகையில் 500 ஏற்றியதற்கு எங்கள் கையிலிருந்து போவது 1,565 ரூபாய். விலை வைக்கும்போது இதையாவது யோசிக்கக் கூடாதா?

"மே மாசம் எப்படியும் ஃபுல் ஆயிடும்" என்கிறார்கள். சனி, ஞாயிறு ஆகிறது. ஆனால் மூன்று ராத்திரி தங்க வந்திருக்கவேண்டிய குடும்பம் ஒரே ராத்திரியோடு இறங்கிவிடுகிறதே! பல பேர் அதுவும் வேண்டாமென்று விடியற்காலையில் வத்தலக்குண்டு வழியாக ஏறி, ஏரியையும் தூண் பாறையையும் பார்த்துவிட்டு, இருட்டில் தூக்கக் கலக்கத்தோடு வளைவுகளில் வண்டி ஓட்டி இறங்குகிறார்கள். நினைத்தாலே வயிற்றைக் கலக்குகிறது. பூம்பாறை, மன்னவனூர் வரை போக அவர்களுக்கு ஏது நேரம்? புவிசார் குறியீடு வாங்கிய மலைப்பூண்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்களுக்கு வியாபாரம் எங்கிருந்து வரும்?

2025 சீசனுக்கு உயர் நீதிமன்றம் கொடைக்கானலுக்கு வார நாளில் 4,000, வார இறுதியில் 6,000 சுற்றுலா வண்டிகள் என்று வரம்பு வைத்தது. வருகிற வண்டிக்குக் கணக்கு இருக்கும்போது, வந்த வண்டி நாலு நாள் நின்றால்தானே ஊருக்கு வருமானம்?

ஜூலையில் இதே காட்டேஜை 2,000க்குத் தருவதாக அவர்களே வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார்கள். அப்போது பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம். நாங்கள் கேட்பது இலவசம் இல்லை. மே மாதத்திலும் செவ்வாய், புதனில் அறை காலியாகத்தான் கிடக்கிறது. இன்றைக்குப் பூட்டிக் கிடந்த ராத்திரியை நாளைக்கு விற்க முடியாதே. திங்களிலிருந்து மூன்று ராத்திரி தங்குகிறோம், 5,000 வீதம் போட்டுக்கொடுங்கள் என்று கேட்டுப் பார்த்தேன். "சனிக்கிழமை ரேட்தான் சார் எல்லா நாளைக்கும்" என்று போனை வைத்துவிட்டார்கள்.