கித்தாரின் மேல் ஏன் பழி?

ஒரு பாட்டுக்குழு தன் இசையை மாற்றிக்கொண்டால் அதன் சுவைஞர்கள் இரு கூறாகப் பிரிவதும், ஒரு சாரார் 'கெட்டொழிந்தது' என்பதும், மறுசாரார் 'வளர்ந்தோங்கியது' என்பதும் உலகெங்கும் உள்ள வழக்கு. பெரும்பாலும் அது பொழுது போகாதார் பூசல். நான்கு நாளில் ஓய்ந்துவிடும். ஆனால், இசுக்காட்லாந்து நாட்டின் 'இரன்ரிக்' என்னும் இராக் இசைக்குழுவைப் பற்றிப் பல்லாண்டுகளாக நடந்துவரும் பூசல் அத்தகையதன்று. அதனடியில் ஒரு மொழியின் உயிர் கிடக்கிறது. பூசலிட்டவர்களோ அவ்வுயிரை விட்டுவிட்டுக் கித்தாரையும் முரசையும் பற்றியே வாய் கிழியப் பேசினர்!

அம்மொழி கெய்லிக். ஒருகாலத்தில் இசுக்காட்லாந்து மன்னரின் அவையில் முழங்கியது. பின்னர் ஆங்கிலத்தின் உறவு மொழியொன்று அரசேறவே, கெய்லிக் வடக்கு மேட்டுநிலங்களுக்கும் மேலைத்தீவுகளுக்கும் ஒதுங்கியது. 1609 இல் ஐயோனாத் தீவின் பெயரால் வழங்கும் ஆணைகள் பிறந்தன. வசதி படைத்த தீவுத் தலைவர்கள் தம் மூத்த பிள்ளைகளைத் தாழ்நிலத்துக்கு அனுப்பி ஆங்கிலம் கற்பித்தே ஆகவேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. தலையை வாங்கிவிட்டால் உடல் தானே சாயும் என்பது ஆள்வோர் கண்ட சூழ்ச்சி. பதினெட்டு, பத்தொன்பதாம் நூற்றாண்டுகளில் ஆட்டு மந்தைகளுக்கு இடம் வேண்டி உழுகுடிகளை ஊர் ஊராகப் பெயர்த்தெறிந்தனர், பலர் கடல்கடந்தனர். 1872 ஆம் ஆண்டின் கல்விச் சட்டம் பிள்ளைகள் அனைவரையும் பள்ளிக்கு அழைத்தது. அப்பள்ளியில் கெய்லிக்குக்கு ஒரு மூலைதானும் ஒதுக்கவில்லை. தாய்மொழி பேசிய சிறுவனின் கழுத்தில் கட்டையைத் தொங்கவிட்டு இழிவு செய்த பள்ளிகளும் இருந்தன. 1891 இல் இரண்டரை இலக்கத்துக்கு மேலிருந்த பேசுவோர் தொகை 1981 இல் ஏறத்தாழ 80,000 ஆகச் சுருங்கிற்று.

இந்நிலையில்தான் 1973 இல் இசுகைத் தீவில், உரோரி, கேலம் என்னும் மக்டொனால்டு உடன்பிறந்தார், அக்கார்டியன் எனப்படும் துருத்திப்பெட்டி இசைக்கும் பிளேர் தக்ளசோடு கூடி, ஆடல் நிகழ்ச்சிகளுக்கு இசைக்கும் சிறு குழுவொன்றைத் தொடங்கினர். இரன்ரிக் என்பது அந்நாட்டின் பழைய நிலப்பங்கீட்டு முறையின் பெயர். ஊர் நிலத்தைக் கீற்றுக் கீற்றாகப் பகுத்து, நல்ல மண்ணும் அல்லாத மண்ணும் எல்லார்க்கும் கிடைக்குமாறு முறைமாற்றி உழுத பொதுமை அது. நிலக்கிழார்கள் அழித்தொழித்த ஒன்றின் பெயரையே தமக்குச் சூட்டிக்கொண்டவர்களின் உள்ளக்கிடக்கை அப்பெயரிலேயே விளங்கும். (பெயர் வைப்பதிலும் மானம் வேண்டும் என்பதை அத்தீவு இளைஞர்கள் அறிந்திருந்தனர்.) அதே தீவைச் சேர்ந்த ஓவிய ஆசிரியர் தோனி மன்றோ பாடகராக வந்து சேர்ந்தார். 1978 இல் அவர்களின் முதல் இசைத்தட்டு வெளிவந்தது. தொடக்கம் முதல் முடிவு வரை கெய்லிக். தட்டின் பெயரிலும் கெய்லிக்!

அதன்பின் இசை மாறியது. மால்கம் சோன்சின் மின்கித்தார் முன்னே வந்தது; முரசொலி பெருத்தது; விசைப்பலகைக் கருவிகள் புகுந்தன. ஊர்க்கொட்டகைகளில் இசைத்தவர்கள் பெருந்திடல்களுக்குப் போயினர். 1987 இல் வந்த தட்டுக்குப் பின் இலண்டனைச் சார்ந்த கிரிசலிசு நிறுவனம் அவர்களை ஏற்றுக்கொண்டது. 1991 இல் உலோமண்டு ஏரிக்கரையில் பல்லாயிரவர் திரண்டு கேட்டனர். 1993 இல் வெளியான தட்டு பிரித்தானிய விற்பனை வரிசையில் இரண்டாம் இடம் பிடித்தது.

அன்றே சுவைஞர்கள் பிரிந்தனர். பழைய சுவைஞர்கள், 'துருத்திப்பெட்டி எங்கே? அடுப்பங்கரையில் அமர்ந்து பாடிய அந்த எளிமை எங்கே? இரைச்சல் மிகுந்துவிட்டது, இலண்டன் பணத்துக்கு விலைபோய்விட்டனர்' என்று குமுறினர். புதிய சுவைஞர்களோ, 'பழங்காலத்திலேயே உட்கார்ந்திருக்கச் சொல்கிறீர்களா? கலை என்றால் வளரத்தான் செய்யும்' என்று எதிர்த்தனர்.

இரு சாராரும் தோலைப் பிடித்துக்கொண்டு சுளையை விட்டவர்களே.

துருத்திப்பெட்டிக்காக அழுதவர்களை முதலில் கேட்க வேண்டும்: அப்பெட்டி என்ன, மேட்டுநிலத்துக் கரம்பில் முளைத்ததா? பத்தொன்பதாம் நூற்றாண்டில் செருமானிய மொழி வழங்கும் நாடுகளில் உருவாகிக் கடல்கடந்து வந்த கருவிதானே! வந்தேறிய பெட்டி இரண்டு மூன்று தலைமுறை பழகியவுடன் மரபாகிவிட்டதாம். மின்கித்தார் மட்டும் அயலாம்! கருவிக்குத் தாய்மொழி கிடையாது. எவன் கையில் இருக்கிறதோ அவன் பேசும் மொழியைத்தான் அது பேசும். மால்கம் சோன்சு அதே மின்கித்தாரில் மேட்டுநிலத்துப் பைக்குழலின் நெளிவையும் இழைவையும் எழுப்பிக் காட்டினார். மேலும், கிழவர்களின் மொழி என்று கெய்லிக்கை நாணி ஒதுக்கிய இளையோரின் செவிக்கு, அவர்கள் விரும்பும் முழக்கத்தோடு அதைக் கொண்டுசென்றது அக்கித்தாரே. அதன்மேல் பழி போடுவது, குடியைக் கெடுத்தவனை விட்டுவிட்டு அவன் ஏறிவந்த குதிரையை அடிப்பது போன்றது.

இனி, 'வளர்ச்சி' என்று கூவியவர்கள். வளர்ந்தது எது? 1978 ஆம் ஆண்டுத் தட்டு முழுதும் கெய்லிக். 1987 ஆம் ஆண்டுத் தட்டில் பாடல்கள் பத்து. கெய்லிக்கில் அமைந்தவை இரண்டே. ஒன்பதாண்டுகளில் முழுமை ஐந்தில் ஒரு பங்காயிற்று! முரசு வளர்ந்தது, மேடை வளர்ந்தது, கூட்டம் வளர்ந்தது. மொழி ஐந்தில் நான்கு பங்கு தேய்ந்தது. இதற்குப் பெயர் வளர்ச்சியானால் தேய்பிறைக்கும் அப்பெயரே பொருந்தும். அவ்வாங்கிலப் பாடல்களின் பொருள் பெரிதும் மேட்டுநிலத்து வாழ்வுதானே என்பர். ஆம், பொருள் மேட்டுநிலம்தான். புல்கரி வெட்டும் உழவனைப் பற்றிய பாட்டே அத்தட்டில் உண்டு. ஆனால், அவனைப் பற்றி அவன் பிள்ளைகள் பாடும் பாட்டு, அவன் தாய் அறிந்த மொழியில் இல்லை.

'ஆங்கிலத்தில் பாடாவிட்டால் யார் வாங்குவார்கள்? குழு பிழைக்க வேண்டாவா?' இதுவே அவர்களின் கடைசிக் கோட்டை. அக்கோட்டையை இடித்தது அக்குழுவின் பாட்டே என்பதைத்தான் இரு சாராரும் உரக்கச் சொல்லியிருக்க வேண்டும். 1987 ஆம் ஆண்டுத் தட்டின் இறுதியில், 'மிக உயர்ந்த ஆப்பிள்' என்று பொருள்படும் தலைப்போடு ஒரு கெய்லிக் பாடல் இருந்தது. எட்டாண்டுகள் கழித்து, 1995 இல், ஒரு பீர் நிறுவனம் தன் தொலைக்காட்சி விளம்பரத்தில் அதைப் பயன்படுத்தியது. பாடல் தனித்தட்டாக வெளிவந்து, பிரித்தானிய விற்பனை வரிசையில் 18 ஆம் இடத்தைப் பிடித்தது. முதல் இருபதுக்குள் ஒரு கெய்லிக் பாடல் நுழைந்தது அதுவே முதன்முறை. விற்காது என்று ஒதுக்கிய மொழி, எட்டாண்டு பழைய பாட்டில் நுழைந்து வந்து விற்றது! ஒரு மொழியின் அருமை அதன் மக்களுக்குத் தோன்றாமல், கள் விற்பவனுக்குத் தோன்றியதே என்பது வேறு இழிவு. அதைச் சொல்லி நோவதற்கு இடம் போதாது.

இன்னொன்றும் உண்டு. பிரித்தானியாவுக்கு வெளியே இக்குழுவைப் பெரிதும் கொண்டாடியவர்கள் தென்மார்க்கினரும் செருமானியரும். ஆங்கிலம் அவர்களுக்கும் கற்ற மொழியே. கெய்லிக்கோ அறவே அறியாத மொழி. அறியாத மொழியில் பாடினார்களே என்று அவர்கள் அரங்கை விட்டு எழுந்துபோகவில்லை. கெய்லிக் வேண்டா என்று கோப்பன்காகனில் எவனும் கேட்கவில்லை. வேண்டா என்ற அச்சம் வீட்டுக்குள்ளேயே பிறந்தது. பல நூறாண்டுகள் 'உன் மொழி உதவாது' என்று கேட்டுக்கேட்டு வளர்ந்தவன், ஒருநாள் கேட்பாரின்றித் தானே அதைச் சொல்லத் தொடங்குகிறான்.

இவ்வளவு சொன்னதால், அக்குழுவினரை 'இரண்டகர்' என்று ஏசிய பழஞ்சுவைஞர்களின் பக்கம் சாய்ந்ததாக எவரும் கொள்ளற்க. அவ்வேச்சு நன்றி கொன்றது. பிள்ளையின் வாயிலிருந்து கெய்லிக்கைப் பிடுங்கியது பள்ளி, பாட்டுக்குழுவன்று. கெய்லிக் வழித் தொடக்கக் கல்வி கிளாசுகோவிலும் இன்வர்னெசிலும் முளைத்தது 1985 இல்தான். அதற்கு ஏழாண்டுகள் முன்பே முழுக் கெய்லிக் தட்டு கொண்டுவந்தவர்கள் அவர்கள். ஆங்கிலம் மிகுந்த பின்னரும் கெய்லிக்கை அடியோடு கைவிடவில்லை. மன்றோ பிற்காலத்தில் இசுகைத் தீவின் கெய்லிக் கல்லூரியிலேயே வளர்ச்சிப் பணி ஆற்றினார். குறை இதுதான்: எந்தப் பள்ளிக்கும் வாய்க்காத பெருமேடை அவர்களுக்கு வாய்த்தது; அம்மேடையின் நடுவிடத்தை ஆங்கிலத்துக்குக் கொடுத்துவிட்டுக் கெய்லிக்கை ஓரத்தில் நிறுத்தினர். அதைத் தடுத்துக் கேட்கும் வலிமை சுவைஞர்களுக்கு இருந்தது. அவர்கள் கேட்டதோ துருத்திப்பெட்டியை!

1997 இல் மன்றோ குழுவை விட்டுப் பிரிந்தார்; தொழிற்கட்சி சார்பில் நாடாளுமன்றத் தேர்தலில் நின்று தோற்றார். அடுத்த ஆண்டு கனடாவின் கேப்பு பிரெட்டன் தீவிலிருந்து புரூசு கத்ரோ வந்தார். நிலம் பறிபோன கெய்லிக் மக்கள் பெருந்தொகையாய்க் குடியேறிய தீவு அது. அவர் பாடியதோ பெரிதும் ஆங்கிலம். உடனே அடுத்த பூசல்! மன்றோவின் குரலில் இருந்த வீறு கத்ரோவிடம் இல்லை என்றனர் சிலர். கத்ரோவின் மென்மையே இனிது என்றனர் சிலர். கழுத்து நரம்பு புடைக்கப் பேசியும் எவன் எந்த மொழியில் பாடினான் என்பது அளவையில் ஏறவில்லை.

2018 ஆகசுட்டில் இசுட்டெர்லிங் நகரில் ஈரிரவு இசைத்து இரன்ரிக் விடைபெற்றது. 2023 இல் கத்ரோ மறைந்தார். 2022 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் கெய்லிக் பேசுவோர் தொகை நாடு முழுமைக்கும் ஏறத்தாழ 70,000 ஆகச் சற்றே ஏறியிருந்தது. பள்ளிவழிக் கற்றோர்க்கு அதில் பங்குண்டு. ஆனால், அம்மொழியின் கடைசித் தாய்வீடான மேலைத்தீவுகளில், 2011 இல் 52 விழுக்காடாக இருந்த பேசுவோர் 45 விழுக்காடாகக் குறைந்துவிட்டனர். மன்றோவா, கத்ரோவா என்னும் பூசல் மட்டும் குறையாமல் நடந்துகொண்டிருக்கிறது, அதுவும் ஆங்கிலத்தில்.