ஒலியைக் கண்ணாற் காண்போம்

வீணையும் வயலினும் ஒரே சுருதியில் ஒலித்தாலும், கண்ணை மூடிக்கொண்டே இது இன்ன வாத்தியம் என்று சொல்லிவிடுகின்றோம். அடிப்படைச் சுரத்தோடு அதன் இருமடங்கு, மும்மடங்கு மீடிறனுள்ள மேற்சுரங்கள் எவ்வெவ்வளவிற் கலந்துள்ளன என்பதைச் செவி உணர்வது இதற்கு ஒரு முக்கிய காரணமாகும். சிக்கலான அலையையும் எளிய அலைகளின் கூட்டாக எழுதலாம் என்று ஃபூரியே என்னும் பிரான்சிய அறிஞர் வெப்பத்தைப் பற்றிய தம் 1822ஆம் ஆண்டு நூலில் விளக்கினார். அக்கூட்டைப் பிரித்துத் திரையிற் கோல்களாகக் காட்டும் கருவியை மாணவர் வீட்டிலேயே அமைத்துக்கொள்ளலாம்.

வேண்டுவன சிலவே: ஆர்டுயினோ ஊனோ பலகை ஒன்று, 10 கிலோ ஓம் தடையிகள் இரண்டு, 4.7 கிலோ ஓம் தடையி ஒன்று, 10 மைக்குரோ பரட்டுக் கொள்ளளவி ஒன்று. ஒலிக்குறி சுழியத்துக்கு மேலும் கீழும் ஊசலாடும். பலகையோ 0 முதல் 5 வோல்ற்று வரையே ஏற்கும். ஆதலின் இரு 10 கிலோ ஓம் தடையிகளையும் 5 வோல்ற்றுக்கும் நிலத்துக்கும் இடையே தொடுத்தால் நடுப்புள்ளி 2.5 வோல்ற்றில் நிற்கும். கைத்தொலைபேசியின் ஹெட்போன் துளையிலிருந்து வரும் குறியைக் கொள்ளளவியின் வழியே அப்புள்ளியிற் சேர்க்க வேண்டும். கொள்ளளவியின் நேர்முனை புள்ளியின் பக்கம் இருத்தல் வேண்டும். தொலைபேசியின் நிலக்கம்பியைப் பலகையின் நிலத்தோடு இணைக்க மறக்கலாகாது. பெரிய ஒலிபெருக்கிகளின் வெளிவாயில்களை இதனோடு ஒருபோதும் இணைத்தலாகாது.

செய்நிரல் செக்கனுக்கு 8,000 தடவை அழுத்தத்தை அளந்து, 128 அளவுகளை ஒரு தொகுதியாக்கும். நேரே கணித்தால் 128 ஐ 128 ஆற் பெருக்கிய 16,384 பெருக்கல்கள் வேண்டும். கூலி, ரூக்கி என்போர் 1965இல் வெளியிட்ட விரைவு முறையில் சில நூறே போதும். அதனாலேதான் இச்சிறு பலகையும் ஈடுகொடுக்கின்றது. விடையைக் கணினித் திரையில் 64 கோல்களாக வரையலாம், ஒவ்வொன்றும் 62.5 அதிர்வு அகலமுடையது. எட்டு வரிசை மின்விளக்குகளில் மினுங்கவிடுவோரும் உளர். அது கண்ணுக்கு இனியதே, படிப்புக்கு உதவாது.

இனித்தான் கவனம் வேண்டும். தொலைபேசியில் 1,000 அதிர்வுடைய தூய ஒலியை எழுப்பினால் 16ஆம் கோல் உயரும். 3,000 எனில் 48ஆம் கோல். 5,000 கொடுத்தால்? அதே 48ஆம் கோலே மீண்டும் உயரும்! 7,000 கொடுத்தால் 16ஆம் கோல், ஆயிரம் என்று சாதிக்கும். அளக்கும் வேகத்திற் பாதிக்கு, அதாவது 4,000 அதிர்வுக்கு, மேற்பட்ட ஒலிகள் யாவும் மடிந்து கீழே வந்து வேடமிட்டு நிற்கின்றன. கருவி பழுதன்று; அது கேட்ட கேள்விக்கு அவ்விடைதான் பொருந்தும். இவ்வேடத்தை அறியாத மாணவன் கண்காட்சியில் எத்தனை கோல்களைக் காட்டியென்ன?

செய்நிரலால் இதைப் பின்னர்த் திருத்த முடியாது. அளக்குமுன்னரே வடிகட்ட வேண்டும். நடுப்புள்ளிக்கும் பலகையின் வாயிலுக்கும் இடையே அந்த 4.7 கிலோ ஓம் தடையியை இட்டு, வாயிலிலிருந்து நிலத்துக்கு 10 நனோ பரட்டுக் கொள்ளளவி ஒன்றைச் சேர்த்தால், ஏறக்குறைய 3,400 அதிர்வுக்கு மேல் ஒலி தளரும். 7,000 அதிர்வின் பொய்க்கோல் பாதிக்கும் கீழே இறங்கிவிடும், முற்றாக மறையாது. மேலும் அடக்க விரும்புவோர் வடிகட்டியைப் பல அடுக்குகளாக்கலாம்.

பின்னர் மிருதங்கத்துக்கு வருவோம். வெறுந்தோல் வாத்தியங்களின் மேற்சுரங்கள் முழுவெண் மடங்குகளாக அமைவதில்லை. மிருதங்கத்திலோ நடுவே அப்பிய கரிய சாந்து அவற்றை ஒழுங்குபடுத்துகின்றது என்பதை சர் சி. வி. இராமன் 1920இல் எடுத்துக்காட்டினார். அளக்கும் வேகத்தை 4,000 ஆகக் குறைத்து, 10 நனோ பரட்டுக்குப் பதில் 22 இட்டால், கோலொன்று 31.25 அதிர்வாக நுணுகும். வலந்தலையின் தெளிந்த அடி ஒன்றைப் பதிவிலிருந்து ஒலிக்கச் செய்து, கோல்களின் இடைவெளியை எண்ணிப் பாருங்கள்.