பெயர் சரி, கணக்கு எங்கே?

'மோர்மன்' என்று எங்களை அழைக்காதீர்கள் என 2018இல் அந்தச் சபையின் தலைவர் ரசல் நெல்சன் கேட்டார். நியாயம்தான். 1806இல் வெள்ளைக்காரன் எங்கட சட்டத்துக்கு 'முகம்மதியர் சட்டக்கோவை' என்று பெயர் வைத்தானே! ஆனால் 'நான் ஒரு மோர்மன்' என்று சிரித்த முகங்களோடு 2010இல் விளம்பரம் போட்டதும் இதே சபைதான். அது போகட்டும்.

13 பெயரளவுக் கம்பனிகளுக்குப் பின்னால் தன் பங்கு முதலீட்டை மறைத்த விவகாரத்தில், 2023இல் அமெரிக்கப் பங்குச்சந்தை ஆணைக்குழு சபைக்கும் அதன் முதலீட்டு நிறுவனத்துக்குமாக 50 இலட்சம் டொலர் தண்டம் விதித்தது. தொகை வெளியே தெரிந்தால் பாதகமாகிவிடும் என்ற பயமாம். வருமானத்தில் பத்தில் ஒன்றைக் கொடுத்த ஏழைக்கு அதைத் தெரிந்துகொள்ளும் உரிமை இல்லையா?

இதை வாசித்துச் சிரிக்கும் எங்கட ஆட்களே, உங்கள் பள்ளிவாசல் அறிவித்தல் பலகையில் போன வருட ஸகாத் கணக்கு ஒட்டியிருக்கிறதா? போட்டோ எடுத்துக் கொமெண்டில் போடுங்கள்.